தாய் தேப்பன் இல்லாம தனிய வாற அகதிப் பிள்ளையளுக்கு எங்களால என்ன செய்யலாம்?

நான் ஜெர்மனியில இருக்கிறன், அதால இஞ்சத்த கதையைத்தான் சொல்லலாம். உடுப்பு, பழைய சைக்கிள் எல்லாம் குடுக்கலாம், பிழையில்லை, ஆனா அந்தப் பிள்ளைக்கு முதல்ல தேவை கையெழுத்து வைக்க ஒரு ஆள். பள்ளிக்கூடத்தில சேர்க்க, ஒப்பரேசன் செய்ய, அகதிக் கேஸ் குடுக்க, எல்லாத்துக்கும். அவருக்கு ஃபோர்முண்ட் எண்டு பேர், குடும்ப கோர்ட்தான் நியமிக்கும். அனேகமா யூகண்ட்அம்ட் எண்ட சிறுவர் நலக் கந்தோர்ல வேலை செய்யிற ஒராள் வருவார், அவருக்கு 50 பிள்ளையள் வரைக்கும் குடுக்கலாமாம், ஒவ்வொண்டையும் மாசம் ஒருக்காப் போய்ப் பாக்கவும் வேணுமாம், நீங்களே கணக்குப் பாருங்கோ. அதான் வெளியாக்களும் சம்பளம் இல்லாமச் செய்யலாம்.

நான் 2016ல ஒரு ஆப்கான் பொடியனுக்கு ஃபோர்முண்டா இருந்தனான், 15 வயசு. என்னைக் "காக்கா" எண்டுதான் கூப்பிடுவான், அவையின்ர பாஷையில சித்தப்பா பெரியப்பாவாம், மனிசி ஒரு கிழமையாச் சிரிச்சவ.

ஏன் ஃபோர்முண்டாப் போனனான் எண்டா 1985ல நானும் 16 வயசில தனியத்தான் வந்தனான். கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் ஏர்போட்டில இறங்கி ரெயின் ஏறி மேற்குப் பக்கம் வந்தது, எங்கட சனம் கனபேர் வந்த பாதை, அந்த வருசமே பிறகு அடைச்சுப் போட்டாங்கள். அப்ப அகதிக் கேஸில 16 எண்டா பெரிய ஆள், எனக்கு ஃபோர்முண்டும் இல்லை ஒருத்தரும் இல்லை. அந்த 16ஐ 18 ஆக்கினது 2015ல, 30 வருசம் எடுத்திருக்கு.

ஒண்டு சொல்லுறன், "எப்பிடி வந்தனீ"யெண்டு முதல் நாளே கேக்காதேங்கோ. பொலிஸ், கந்தோர், டொக்டர் எண்டு எல்லாரும் கேட்டு முடிஞ்சுதான் பிள்ளை உங்களிட்ட வருது. நான் சோறும் கோழிக்கறியும் குடுத்து ஃபுட்போல் கதைச்சதுதான், ஒரு வருசத்தால தானாச் சொன்னான்.

2017ல கேஸ் ரிஜெக்ட். இஞ்ச கந்தோர் முடிவுகள் மஞ்சள் கவரிலதான் வரும், அது என்ர வீட்டுக்குத்தான் வந்தது, ரெண்டு கிழமைக்குள்ள வழக்குப் போடவேணும், லோயரைப் பிடிச்சுப் போட்டம், பிறகு அதுவும் தோத்துது. காப்பாத்தினது அவன் எடுத்த தொழிற்படிப்புத்தான், அதைப் படிக்கேக்க திருப்பி அனுப்பேலாது, முடிச்சு வேலை செய்தா இன்னும் 2 வருசம் எண்டு 2016ல வந்த சட்டம்.

18 வயசான அண்டைக்கு ஃபோர்முண்டின்ர வேலை முடிஞ்சிடும், இதை நல்லா நினைவில வச்சிருங்கோ. 21 வரைக்கும் யூகண்ட்அம்ட் உதவி கேக்கலாம், ஆனா பிள்ளை தானே கேக்கவேணும், கனபேருக்குத் தெரியாது, 18க்கு முன்னமே எழுதிக் குடுக்க வையுங்கோ.

இப்ப எலெக்ட்ரீசியனா வேலை செய்யிறான். மஞ்சள் கவர் வந்தா இண்டைக்கும் உடைக்காமப் போட்டோ எடுத்து எனக்கு வட்ஸப்பில அனுப்புவான். போன தரம் வந்தது கார் வேகமா ஓடின ஃபைன்.