எங்கள் ஊரில் ஆயா என்றால் பாட்டி

கேள்வி: எனக்கு வயது 61. காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அங்கன்வாடியில் 27 வருஷம் உதவியாளராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். மகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் மாப்பிள்ளையோடு இருக்கிறாள். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அக்டோபர் நடுவில் தலைப்பிரசவம். ஆறு மாதம் வந்து இரும்மா, டிக்கெட் நானே போடுகிறேன் என்கிறாள். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, விசா இன்னும் எடுக்கவில்லை. அவள் அப்பாவோ, "ரெண்டு மாட்டையும் மாந்தோப்பையும் விட்டுட்டு நான் எங்க வர்றது, நீ போயிட்டு வா, நான் கஞ்சி குடிச்சிட்டுக் கெடக்கறேன்" என்கிறார். மகன் வீட்டுப் பேரனுக்கு நாலு வயசு, என் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவான். எனக்கு 12 வருஷமாகச் சர்க்கரை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் என் நாத்தனார், "இங்க அங்கன்வாடியில ஆயா, இனிமே அமெரிக்காவுல ஆயா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. போகட்டுமா, வேண்டாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நாத்தனார் சொன்ன வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் உங்களுக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரிக்காரி. நம் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவளும் ஆயாதான், அப்பாவைப் பெற்றவளும் ஆயாதான். பிள்ளைகள் வாயில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிறவர் என்ற அர்த்தம் பட்டணத்துப் பேச்சு. அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும் அதில் குனிய என்ன இருக்கிறது? 27 வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு பிசைந்து கொடுத்து, எடை போட நிற்க வைத்து, மூக்கைத் துடைத்து அனுப்பியிருக்கிறீர்கள். பெண் குழந்தை வேண்டாம் என்கிற கொடுமைக்காக 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, பிறகு நம் தருமபுரிக்கும் அது தேவைப்பட்டது. அப்படிப்பட்ட சீமையில், அந்தக் காலத்தில், அங்கன்வாடிச் சம்பளத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பெற்று, படிக்க வைத்து, கடல் தாண்டி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பெண் பிள்ளை பெறும்போது பக்கத்தில் இருக்க உங்களைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? போங்கள்.

ஆனால் ஆறு மாதம் வேண்டாம். செப்டம்பர் கடைசியில் போய், பொங்கலுக்கு முன்னால் திரும்பிவிடுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே திரும்பும் தேதியும் அதில் இருக்கட்டும்.

ஏன் என்று என் கதையிலிருந்தே சொல்கிறேன். 2016-ல் என் மகளுக்குப் பிரசவம் பார்க்க நியூ ஜெர்சி போனேன். திரும்பும் தேதியைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே பேசவில்லை. அம்மா இருக்கும்வரை இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். போகட்டுமா என்று கேட்டால் மனசு வருந்துவாளே என்று நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதம்வரை ஒரு நாள்கூட "இன்னிக்கு முடியலம்மா" என்று நான் சொன்னதில்லை. முழங்கால் வலியை அவளுக்குத் தெரியாமல் தைலம் போட்டு மறைத்தேன். நாலாவது மாதம் அது ஒரு பால் புட்டியைச் சரியாகக் கழுவாத விஷயத்தில் வெடித்தது. இரண்டு பேரும் பேசக் கூடாததையெல்லாம் பேசிவிட்டோம். அவள் அழுதுகொண்டே, "வலிக்குதுன்னு நீ சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?" என்றாள். தப்பு என் பேரில்தான். நம் வயசுப் பெண்கள் வலியைச் சொல்லாமல் இருப்பதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மகளின் நிலைமையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே சட்டப்படி முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. அங்கே நாடு முழுவதற்குமான சட்டம் தருவது 12 வாரம்தான், அதுவும் சம்பளம் இல்லாமல். சில கம்பெனிகள் தாங்களாகவே கூடுதலாகக் கொடுக்கின்றன, அவள் கம்பெனி என்ன தருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டுமே என்ற பயத்தில்தான் அவள் ஆறு மாதம் என்கிறாள். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழி சம்பந்தியம்மா. நீங்கள் ஜனவரியில் கிளம்ப, அவர்கள் வந்து இறங்கட்டும். அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் பல வீடுகளில் இப்படித்தான் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். இதை மாப்பிள்ளை தன் அம்மாவிடம் இப்போதே பேசினால்தான் அவர்களும் விசாவுக்குத் தயாராக முடியும்.

விசாவை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நீங்கள் போவது பி-2 என்ற வருகையாளர் விசா. டிஎஸ்-160 படிவத்தை மகள் அங்கிருந்தே நிரப்பிவிடலாம். கைரேகைக்கும் நேர்காணலுக்கும் சென்னைக்குப் போக வேண்டும். தமிழிலேயே பேசலாம், பயப்படாதீர்கள். அந்த விசாவில் சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக் கூடாது. மகள் பிரசவத்துக்குத் துணையாக இருக்கப் போவதில் தவறில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: மகளுக்குப் பிரசவம், கூட இருக்கப் போகிறேன், வீட்டுக்காரரும் தோப்பும் மாடும் பேரனும் இங்கே இருக்கிறார்கள், பொங்கலுக்கு வந்துவிடுவேன். யாரோ சொல்லிக் கொடுத்த பதில் எதுவும் வேண்டாம். இன்னொன்று, விசாவில் பத்து வருஷம் என்று போட்டிருந்தாலும் ஒரு தடவையில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும் இடத்து அதிகாரிதான் முடிவு செய்வார். பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். மகளை அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதைத் தாண்டி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

இனி உங்கள் உடம்பு. இதில் சமாதானமே வேண்டாம். அங்கே வருகையாளருக்கு அரசாங்க வைத்தியம் கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவு நம் கணக்குக்குள் அடங்காது. பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். காப்பீடு எடுக்கும்போது மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்கு ஏற்கெனவே இருக்கிற சர்க்கரையால ஏதாவது வந்தா இதுல பணம் தருவாங்களா?" நிறையத் திட்டங்கள் பழைய நோயை விட்டுவிடும், அல்லது திடீரென்று முற்றினால் மட்டும் கொஞ்சம் கொடுக்கும். கிளம்பும் முன் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கண், பாதம், பல் எல்லாம் இங்கேயே பார்த்துவிடுங்கள். முழுக் காலத்துக்கும் மாத்திரை வாங்கி, அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போடாதீர்கள், பெட்டி ஒரு நாள் தாமதமாக வரலாம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் காசு இல்லை. பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து டல்லாஸ்வரை வழியில் விமானம் மாறும்போது கையைப் பிடித்துக் கூட்டிப் போக ஆள் இருப்பார்.

பிறந்த குழந்தையைத் தூக்கப் போகிறவர் என்பதால் கக்குவான் இருமலுக்கான டிடாப் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். குழந்தையைப் பார்ப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும்.

அடுத்ததுதான் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் இடிக்கும் விஷயம், பிள்ளை வளர்ப்பு. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் உரைகல்லோடு பெட்டியில் ஏறும் என்று எனக்குத் தெரியும், நானும் ஏற்றினேன். கொடுக்க வேண்டாம் சகோதரி. உணவில் வசம்பு சேர்ப்பதை 1968-லேயே அந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள். தேன் ஒரு வயதுவரை ஒரு சொட்டுகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் நரம்பைத் தாக்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று கர்ப்பிணிகளை உட்கார வைத்துச் சொன்னது உங்கள் மையம்தானே? ஊர்ப் பிள்ளைக்குச் சொன்னதை நம் பேரப்பிள்ளைக்கு மறந்துவிடுவோம், பாசம் அப்படி. தூளி கட்ட அங்கே மேலே உத்திரமும் இல்லை, விடவும் மாட்டார்கள். தனித் தொட்டிலில், தலையணை போர்வை எதுவும் இல்லாமல், மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்வார்கள். மூச்சு முட்டித் தூக்கத்திலேயே இறந்துபோகாமல் இருக்கத்தான் அது. சாம்பிராணி போட்டால் கூரையில் இருக்கும் புகை மணி அலறும். நான் போட்ட அன்று என் பேத்தி பயந்து அரை மணி நேரம் அழுதாள்.

அப்படியானால் நமக்கு என்னதான் வேலை என்று கேட்பீர்கள். மகளைப் பார்ப்பதுதான் வேலை. குழந்தைக்கு டாக்டர், ஊசி, எடை எல்லாம் தேதி வைத்து நடக்கும். பெற்றவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? வெந்நீர் ஊற்றி இடுப்பைத் தேய்த்துவிட, "கொஞ்ச நேரம் தூங்கு, நான் வச்சிருக்கேன்" என்று சொல்ல யாருமில்லை. அதற்குத்தான் நீங்கள் போகிறீர்கள். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், கொள்ளு ரசம் எல்லாம் அங்கேயும் நடக்கும். கேழ்வரகு மாவும் நல்லெண்ணெயும் அங்குள்ள இந்தியக் கடைகளிலேயே கிடைக்கின்றன, சுமக்க வேண்டாம். பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு செய்ய மட்டும் தேடாதீர்கள். சுறாவில் பாதரசம் அதிகம், பால் கொடுப்பவர்கள் சாப்பிடக் கூடாது என்று அங்கே எச்சரித்திருக்கிறார்கள். பெட்டியில் எந்தத் தின்பண்டம் இருந்தாலும் சுங்கச் சோதனையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தோப்பு மாங்காய், விதை, கறி வகை எதுவும் வேண்டாம்.

பிரசவமான புதிதில் அவள் காரணமில்லாமல் அழுவாள். இரண்டு வாரத்துக்குள் அது அடங்கிவிடும். அதற்குப் பிறகும் அழுகை நிற்கவில்லை, தூக்கமில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்றால் கண்ணேறு என்று திருஷ்டி சுற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். மாப்பிள்ளையிடம் சொல்லி உடனே டாக்டரிடம் பேச வையுங்கள். அந்த மாற்றம் அம்மா கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

உங்களுக்கு உறைக்கப் போவது வேலை அல்ல, பகல். இங்கே நினைத்த நேரத்தில் கட்டணமில்லாப் பேருந்தில் ஏறிக் காரிமங்கலம் சந்தைக்குப் போய்விடுகிறீர்கள். ஃபிரிஸ்கோவில் தெருமுனையில் ஏறிக்கொள்ள டவுன் பஸ் கிடையாது. கார் ஓட்டத் தெரியாதவள் வீட்டோடு சரி. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், அதற்கப்புறம் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். அந்த நேரத்தில் ஊரில் விடிகாலை, நீங்கள் பேச ஆசைப்படும் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் வாரத்தில் ஒரு நாள் உங்களுக்கானது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஃபிரிஸ்கோவிலேயே காரிய சித்தி ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. அங்கே நம்மைப் போலவே பிரசவம் பார்க்க வந்த ஈரோட்டுக்காரரோ மதுரைக்காரரோ கட்டாயம் கிடைப்பார். நாள்தோறும் அரை மணி நேரம் வெளியே நடங்கள், சர்க்கரைக்கும் அது வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கஞ்சி குடித்துக் கிடக்கிறேன் என்பவர் உண்மையில் பிரிவைச் சொல்கிறார், பசியை அல்ல. வாட்ஸ்ஆப்பில் வீடியோ போடக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போங்கள். எனக்குக் கவலை உங்கள் மருமகள்தான். கடிதத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாமனார் சாப்பாடு, தூங்காமல் அடம் பிடிக்கும் நாலு வயசுப் பையன், மாட்டு வேலையில் பாதி எல்லாம் அவள் தலையில்தான் விழப் போகிறது. அவளிடம் கேட்டீர்களா? அவள் அம்மாவைக் கொஞ்ச நாள் வந்து இருக்கச் சொல்லுங்கள். பேரனை இப்போதிருந்தே வாரத்தில் இரண்டு நாள் அவன் அம்மா பக்கத்தில் படுக்கப் பழக்குங்கள். கடைசி வாரத்தில் பிடுங்கி வைத்தால் ஏங்கிப் போவான்.

கையில் கொஞ்சம் உங்கள் சொந்தப் பணத்தை டாலராக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு முதல் சட்டை உங்கள் காசில் வாங்க வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு, பால் கறந்து முடித்த கையோடு, மகளைக் கூப்பிடுங்கள். அங்கே சனி இரவு எட்டு மணியாக இருக்கும், அவளுக்கும் ஓய்வு. மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எந்தத் தேதி வருகிறேன், எந்தத் தேதி திரும்புகிறேன், ராத்திரி குழந்தை எழுந்தால் யார் எழுவது, என் மாத்திரையும் சர்க்கரையும் யார் பொறுப்பு, எனக்கு முடியாத நாளில் யார் சமைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சட்டென்று பதில் வராத கேள்விக்கு அவசரப்படுத்தாமல் அடுத்த ஞாயிறுவரை நேரம் கொடுங்கள்.