குடைவரைச் சிற்பமும் கேமராவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மும்பைக்குச் சென்றிருந்தபோது எலிபெண்டா தீவின் சதாசிவரையும், பிறகு எல்லோராவின் கைலாசநாதர் கோயிலையும் கைப்பேசியில் படம் எடுத்தேன். உள்ளே இருட்டாக இருந்ததால் ஃபிளாஷ் பயன்படுத்தினேன். நேரில் மலைக்க வைத்த சிற்பங்கள் படத்தில் சுவரில் ஒட்டிய அட்டை போலத் தெரிகின்றன. ஏன்?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஃபிளாஷ்தான். கற்களை அடுக்கி எழுப்பும் கோயிலில் ஒரு சிற்பத்தைப் பட்டறையில் செதுக்கி முடித்து, பிறகு உரிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்த முடியும். பாறையைக் குடைந்தே உருவாக்கும் குடைவரையில் அந்த வசதி கிடையாது. செதுக்கும் இடமே சிற்பம் நிலைத்திருக்கும் இடம் என்பதால், வாயில் வழியே வரும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எவ்வளவு தூரம் எட்டும், எங்கே மங்கும் என்பதெல்லாம் வேலை நடக்கும்போதே சிற்பியின் கண்முன் இருந்தவை. அந்த வெளிச்சத்தை நம்பித்தான் அவர் எங்கே ஆழமாக வெட்டுவது, எங்கே மேலோட்டமாக விடுவது என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

எலிபெண்டாவின் பெரிய குகை ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதன் முதன்மை வாயில் வடக்கே இருக்கிறது; கிழக்கிலும் மேற்கிலும் முற்றங்கள் திறந்திருக்கின்றன. சுமார் 18 அடி உயரமுள்ள, மூன்று முகங்களுடன் காட்சி தரும் சிவனான சதாசிவர் தெற்குச் சுவரின் மாடத்துக்குள் இருக்கிறார். தூண் வரிசைகளைத் தாண்டி வரும் வெளிச்சம் அவரை அடையும்போது வலுவிழந்து மென்மையாகிவிடுகிறது. முன்னே துருத்தி நிற்கும் நடு முகம் அதை முதலில் வாங்கிக்கொள்ள, பக்க முகங்கள் பாதி நிழலில் நிற்கின்றன. நமக்கு இடப்புறம் உள்ள, சிவனின் உக்கிர வடிவமான அகோர முகத்தின் நெரித்த புருவமும் மீசையும், கையிலுள்ள பாம்பும், வலப்புற முகத்தின் சுருள் முடியும், கையிலேந்திய தாமரையும் அந்த அரைநிழலில்தான் உயிர் பெறுகின்றன. நடு முகத்தின் தடித்த கீழுதட்டுக்கு அடியில் விழும் மெல்லிய நிழல்தான் அந்த அமைதிக்கே ஆதாரம் என்பேன். கேமராவுக்குப் பக்கத்திலிருந்து நேராகப் பாயும் ஃபிளாஷ், மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விழுந்து இந்த நிழல்களைத் துடைத்துவிடுகிறது.

எல்லோராவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். எட்டாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கிய அந்தக் கோயிலின் தென்புறத்தில், இராவணன் கயிலையைப் பெயர்க்கும் காட்சி இருக்கிறது. சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் பெரும்பாலும் பாடும் அதே காட்சி. இராவணனைச் சுற்றியுள்ள பாறையை மிக ஆழமாகக் குடைந்து எடுத்திருப்பதால், அவன் ஏறக்குறைய முழு உருவமாகவே இருட்டுக்குள் முட்டி நிற்கிறான். மேலே சிவனைப் பற்றிக்கொள்ளும் பார்வதி மீது வெளிச்சம் படுகிறது. கீழே இராவணன் நிழலில் திணறுகிறான். அங்கே இருட்டும் சிற்பத்தின் ஒரு பகுதிதான். அதை ஃபிளாஷால் விரட்டிவிட்டால் எஞ்சுவது பத்துத் தலையும் இருபது கையும் பற்றிய தகவல் மட்டுமே.

அடுத்த முறை ஃபிளாஷை அணைத்துவிட்டு, சிற்பத்தைத் தொடாமல் ஏதேனும் தடுப்புக் கம்பியில் முழங்கையை ஊன்றி, ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி வைத்து, சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். படம் கொஞ்சம் இருட்டாக வந்தால் வரட்டும். முக்காலி வைக்க வேண்டுமானால் தொல்லியல் துறையின் அனுமதி தேவை.

கேள்வி: கேமரா வருவதற்கு முன் இக்குகைகளை வரைந்தவர்கள் யார்? அந்தப் படங்களை நம்பலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: எல்லோராவைப் பொறுத்தவரை முதலில் சொல்ல வேண்டிய பெயர், அதிகம் பேசப்படாத ஒரு பெயர்: புனேயைச் சேர்ந்த கங்காராம் தாம்பட். மராத்திய ஆட்சியாளரான பேஷ்வாவின் அரசவையில் ஆங்கிலேயத் தூதராக இருந்த சார்லஸ் மாலெட்டுக்காக 1790-களில் அவர் எல்லோராவை வரைந்தார். அதே காலத்தில் அங்கு வரைந்த ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் 1795 இல் இறந்துவிட, அவருடைய ஓவியங்களைக் கொண்டு ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல் 24 அச்சுப் படங்களை 1803 இல் இலண்டனில் வெளியிட்டார். ஐரோப்பா எல்லோராவை அறிந்தது பெரிதும் அந்தப் படங்கள் வழியாகத்தான். வரைபடங்களில் உழைத்த புனேக்காரரின் பெயர் நெடுங்காலம் பின்னால் தங்கிவிட்டது.

நம்பலாமா என்றால், எதற்காக என்று கேட்பேன். கட்டட அமைப்பையும் தூண்களின் வரிசையையும் அறிய அவை பயன்படும். சிற்பங்களின் முகங்களுக்கு அவற்றை நம்பக் கூடாது. ஐரோப்பியக் கலைப் பள்ளியில் பழகிய கை, தான் பழகிய மூக்கையும் தசையையும் அறியாமலே வரைந்துவிடும்.

ஒளிப்படம் வந்தவுடன் சிக்கல் தீர்ந்துவிடவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில், அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்க 1844 இல் நியமிக்கப்பட்டவர். பின்னர் கேமராவையும் கையில் எடுத்தார். அவர் எடுத்த 74 குடைவரைப் படங்கள் 1864 இல் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் பெர்குசனின் விளக்கத்துடன் நூலாயின. அக்காலத்தின் ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய கலவை உலர்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியும் முடிக்க வேண்டும். வெளிச்சத்தை மிக மெதுவாக உணரும் அந்தத் தகடு குகையின் உட்புறத்துக்குப் பெரிதும் ஒத்துவராது. ஆயினும் கில்லின் கதையில் கேமராவுக்கு ஒரு வெற்றி உண்டு. அவர் ஆண்டுக்கணக்கில் தீட்டிய பெரிய எண்ணெய் வண்ணப் படிகளில் பெரும்பாலானவை 1866 இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சி மாளிகையின் தீவிபத்தில் அழிந்தன. அச்சேறிப் பரவிய ஒளிப்படங்கள் பிழைத்தன.

கேள்வி: மாமல்லபுரத்தில் படமெடுக்க ஏற்ற நேரம் எது?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: காலை. அர்ச்சுனன் தபசு பாறை கிழக்கு நோக்கியது. வெயில் சாய்வாக விழும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அதன் மேலோட்டமான புடைப்புகள் வெளிறிப்போகும். மகிடாசுரமர்த்தினி குகையும் கிழக்கு நோக்கியதே. ஆனால் அங்கே துர்க்கை வடக்குச் சுவரிலும், பள்ளிகொண்ட பெருமாள் எதிரே தெற்குச் சுவரிலும் இருப்பதால், வெளிச்சம் இருவர் மீதும் பக்கவாட்டில்தான் விழும். சிங்கத்தின் மீதேறி வரும் துர்க்கைக்கு நீங்கள் தனியாக விளக்குப் போட வேண்டிய தேவையே இல்லை.