நாலு போர்ஷன், நாலு வாடகை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாலு போர்ஷன் வீடு 60 லட்சத்துக்கு வருகிறது. போர்ஷனுக்கு 6,500 வாடகை. வங்கிக் கடன் போட்டு வாங்கலாமா?

வருடத்துக்கு 3,12,000 என்று தரகர் சொல்லியிருப்பார். ஒவ்வொரு போர்ஷனும் வருடத்தில் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் என்று வையுங்கள், 26,000 போச்சு. சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் என்று 45,000 கழியுங்கள். மிஞ்சுவது 2,41,000, அதாவது போட்ட பணத்துக்கு 4 சதவீதம். பத்திரச் செலவை நான் சேர்க்கவே இல்லை. வீட்டுக் கடன் வட்டி இதைவிடக் கூடுதல் என்பதால், மாதாமாதம் கைக்காசு போட்டுத்தான் தவணை கட்ட வேண்டியிருக்கும். மனை விலை ஏறும் என்ற நம்பிக்கை இருந்தால் வாங்குங்கள், வாடகையை மட்டும் நம்பி வேண்டாம்.

இன்னொன்று. மாடிக்குப் போகுமுன் சன்ஷேடின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பாருங்கள். பூச்சு உப்பி, உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது உப்புக்காற்றின் வேலை. புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று பொள்ளல் சத்தம் வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளம் கீழ்த்தளத்தில் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை.

நாலு போர்ஷனுக்கும் ஒரே கரன்ட் மீட்டர். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். குடித்தனக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள்.

நியாயமாகத்தான் முணுமுணுக்கிறார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். நாலு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடினால் அந்த இலவசம் ஒரு தடவைதான் கழியும், மேல் யூனிட்டெல்லாம் கூடுதல் விலைப் படிக்கு ஏறிவிடும். போர்ஷனுக்கு ஒரு தனி இணைப்பு வாங்குங்கள், மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொது இணைப்பு ஒன்று. ஒருமுறை செலவுதான். அப்புறம் ஈபி பில் பற்றி உங்கள் வாசலில் பஞ்சாயத்து இருக்காது.

மூன்று மாத வாடகை பாக்கி. தண்ணீர் லைனை நிறுத்தலாமா?

கூடாது. தண்ணீரையோ கரன்டையோ துண்டிப்பதைத் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2019) தடை செய்கிறது. துண்டித்தால் புகார் உங்கள் மேல்தான் வரும். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், பணம் வராவிட்டால் வாடகை நீதிமன்றம் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிந்திருக்கிறீர்களா? வாய்ப்பேச்சில் குடிவைத்தவர்களுக்குத்தான் அங்கே இழுபறி.

முள்ளோடை தாண்டி வாங்கினாலும் இதே சட்டமா?

இல்லை, அது புதுச்சேரி. அங்கே வாடகைச் சட்டம் வேறு, மின்துறை வேறு. உள்ளூர் வக்கீலிடம் கேளுங்கள்.

ஒரு குடும்பம் 5 லட்சம் போக்கியத்துக்கு (மாத வாடகை கிடையாது, மொத்தமாகத் தந்து கெடு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்) வீடு கேட்கிறது. மாத வாடகை 6,500 போகும் போர்ஷன்.

வாடகையாக வருடத்துக்கு 78,000 வரும் இடம் அது. 5 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் 35,000. எனவே வங்கியில் போடுவதற்காகப் போக்கியம் வாங்காதீர்கள். விட்டுக்கொடுக்கும் 78,000 என்பது 5 லட்சத்துக்கு 15, 16 சதவீதம்; அதற்கு மேல் வட்டி கட்டும் கடன் ஏதாவது இருந்து, அதை இந்தப் பணத்தில் அடைப்பதாக இருந்தால் சரி. அப்போதும், கெடு முடியும் மாதத்தில் 5 லட்சத்தை எங்கிருந்து திருப்பித் தருவீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.