உயர் அதிர்வெண் ஆய்வகத்தில் மகளைச் சேர்க்கலாமா? குடியாத்தம் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

காட்பாடிப் பக்கம் மூன்றாம் ஆண்டு ஈ.சி.ஈ. படிக்கும் தங்கள் மகள், உயர் அதிர்வெண் சுற்றுகளில் ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவரிடம் ப்ராஜெக்ட் செய்து, பிறகு எம்.எஸ். ஆய்வுப் படிப்புக்குப் போக விரும்புவதாகவும், அது கடைசியில் ஒயரிங் வேலையாக முடிந்துவிடுமோ என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

ஒயரிங்குக்கும் இதற்கும் உள்ள தொலைவை ஒரு கணக்கே காட்டிவிடும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பிக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி மின்தூண்டல் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு) உண்டு. வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 10 கிகாஹெர்ட்ஸிலோ அதே கம்பி ஏறத்தாழ 63 ஓம் மறிப்பாகக் குறுக்கே நிற்கிறது. இத்துறையின் கருவிகளும் கேபிள்களும் பொதுவாக 50 ஓமுக்கு அமைந்தவை என்பதால், வரைபடத்தில் வெறும் கோடாகத் தெரிந்த அந்தத் துண்டு சிக்னலின் திறனில் கால் பங்குக்கு மேல் வந்த வழியே திருப்பிவிடும். கார்களில் பொருத்தப்படும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் அலைநீளமே 4 மில்லிமீட்டருக்குக் குறைவு. அத்தகைய இடத்தில் ஆம்ப்ளிஃபையரும் ஃபில்டரும் ஆண்டெனாவும் ஒழுங்காக வேலை செய்யும்படி வடிவமைப்பதுதான் அந்தப் பேராசிரியரின் ஆய்வு.

துறை நல்லதா என்பதைவிட, இந்த ஆய்வகம் நல்லதா என்று கேளுங்கள். எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார் என்ற எண்ணிக்கையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கணினியில் சிமுலேஷன் செய்தால் எல்லாச் சுற்றும் அழகாகத்தான் வேலை செய்யும். போர்டாகவோ சிப்பாகவோ செய்து கொண்டுவந்து அளக்கும்போதுதான் உண்மை தெரியும். எனவே தங்கள் மகள் அங்கே வெக்டர் நெட்வொர்க் அனலைசர் (ஒரு சுற்று சிக்னலை எவ்வளவு கடத்துகிறது, எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் கருவி) இருக்கிறதா, எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும், மாணவர்களே அதைத் தொட விடுவார்களா, சென்ற ஆண்டு மாணவர்களின் வடிவமைப்புகள் தயாரிக்கப்பட்டு அளக்கப்பட்டனவா என்று நேரிலேயே கேட்கட்டும். அளப்பதற்கு முன் ஓப்பன், ஷார்ட், லோடு என்னும் இயல்பு தெரிந்த துண்டுகளை மாட்டிக் கருவியைச் சரிசெய்யும் கேலிபரேஷனும், குறித்த விசைக்கு மேல் இறுக்காத டார்க் ரென்ச்சால் கனெக்டரை அளவாக இறுக்குவதும், அதன்பின் கேபிளை அசைத்தால் அளவீடு மாறிவிடும் என்று அறிவதும் புத்தகத்தில் வராத படிப்பு. இதைக் கைப்படச் செய்த மாணவியை நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்விகளிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கதிர்வீச்சு பற்றி மகளின் அம்மா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். இத்தகைய அளவீடுகளில் பெரும்பாலும் ஒரு மில்லிவாட் அளவுள்ள சிக்னல் கேபிளுக்குள்ளேயே போய்வருகிறது; கைப்பேசி வெளிவிடுவது இதைவிட அதிகமாக இருக்கலாம். அதிகத் திறனுள்ள டிரான்ஸ்மிட்டர்களுக்கான பாதுகாப்பு முறைகள் தனி.

வேலையைப் பொறுத்தவரை ஒளிக்காமல் சொல்கிறேன்: சாஃப்ட்வேரோடு ஒப்பிட்டால் இடங்கள் குறைவு, வடிவமைப்புப் பணிக்குப் பெரும்பாலும் எம்.டெக். அல்லது எம்.எஸ். எதிர்பார்க்கிறார்கள். ஆனால் தேர்ந்தவர்களும் குறைவு. பெங்களூருவின் சிப் நிறுவனங்கள், பெல் எனப்படும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (ராணிப்பேட்டையில் பாய்லர் உபகரணங்கள் செய்யும் பெல் வேறு), ரேடார் உருவாக்கும் டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம், இஸ்ரோ, சென்னை தரமணியிலுள்ள சமீர் என்னும் மத்திய அரசு மின்னணு ஆய்வு மையம் ஆகியவை இப்படிப்பட்டவர்களைத் தேடும் இடங்கள். எம்.ஆர்.ஐ. கருவியின் காயில்கூட ரேடியோ அதிர்வெண் சுற்றுதான், 1.5 டெஸ்லா கருவியில் அது ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ்.

தங்கள் கைலி வியாபாரத்தில் பண்டிகைக்குப் பண்டிகை வரவு மாறும் என்பதால், மேலும் சில ஆண்டுகள் செலவைத் தாங்க முடியுமா என்ற தங்கள் கேள்வி நியாயமானது. முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பின்னர் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைத் தகுதியோடு பிஎச்.டி. சேர்ந்தால், 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, அதன்பின் 42,000 ரூபாய்.

மூன்றாம் ஆண்டு மாணவர்களும் கேட் எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால், இப்போதே ஒருமுறை எழுதட்டும். வளாகத் தேர்வையும் விட வேண்டாம். கையில் ஒரு பணி ஆணை இருந்தால் எம்.எஸ். நேர்முகத்துக்குப் பதற்றமில்லாமல் போகலாம். ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்து மகள் சொல்வதை எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.