வீட்டுக்கு எலிப்டிகல் வாங்கலாமா? வாசகர் கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

கேள்வி: என் தாயாருக்கு வயது 58. முழங்கால் தேய்மானம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தவர், வலியால் நிறுத்திவிட்டார். டிரெட்மில் வாங்குவதா, எலிப்டிகல் (நின்றபடியே இரண்டு மிதிகளை நீள்வட்டமாக மிதிக்கும் கருவி) வாங்குவதா? (வாசகி, காமராஜர் சாலை)

பதில்: முழங்காலில் வீக்கம் இல்லாமல், சமதளத்தில் பத்து நிமிடமாவது அவரால் நடக்க முடிகிறதென்றால், எலிப்டிகலே பொருத்தமானது. நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் தரையில் மோதி, அந்த அதிர்வு முழங்காலுக்கு ஏறுகிறது. எலிப்டிகலில் பாதம் மிதியை விட்டு விலகுவதே இல்லை என்பதால் அந்த மோதல் இல்லை. ஆனால் உடல் எடையைக் கால்கள்தாம் தாங்கியாக வேண்டும். எனவே நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாதவருக்கு, முதுகுச் சாய்மானம் உள்ள உடற்பயிற்சி சைக்கிளையும் தொடைத் தசைப் பயிற்சியையும் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு இதற்கு வருவதே முறை.

கடையில் அம்மாவையே ஏற்றிப் பாருங்கள். தாழ்ந்திருக்கும் மிதியில்தான் முதலில் கால் வைக்க வேண்டும். உயர்ந்திருக்கும் மிதியில் வைத்தால் அது சட்டென்று கீழே இறங்கி ஆளைத் தடுமாற வைக்கும். அசையும் கைப்பிடிகளோடு அசையாத கைப்பிடியும் இருக்கிறதா என்று பாருங்கள்; ஏறி இறங்கும்போது பிடிக்க வேண்டியது அதைத்தான். முதல் வாரம் மிகக் குறைந்த தடையில், அதாவது மிதி மிக இலகுவாகச் சுற்றும் அளவில், ஐந்து நிமிடம் போதும். பயிற்சி முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் முன்னைவிட வலி கூடுதலாக இருந்தால், மறுநாள் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: நான் ஐந்தடி பத்து அங்குலம், என் மனைவி ஐந்தடி. இருவருக்கும் ஒரே கருவி ஒத்துவருமா? விற்பனையாளர் ஃப்ளைவீல் எடையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கிறார். (வாசகர், கே.கே. நகர்)

பதில்: ஃப்ளைவீல், அதாவது கருவிக்குள் சுழன்று மிதியைச் சீராக ஓடவைக்கும் கனமான சக்கரம், முக்கியம்தான்; அது மிகவும் இலேசாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கால் வெட்டி வெட்டி இழுக்கும். ஆனால் அதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியது ஸ்ட்ரைடு நீளத்தை, அதாவது மிதி முன்னும் பின்னுமாகப் போய்வரும் தூரத்தை. ஐந்தேகால் அடிக்குக் குறைந்தவருக்கு 16 அங்குலம் போதும். அதற்கு மேல் 18. உங்கள் உயரத்துக்கு 20 இருந்தால் நல்லது. விலை மலிந்த கருவிகள் பலவற்றில் இது 12 முதல் 14 அங்குலம்தான் இருப்பதால், உயரமானவர் அதில் நடப்பதில்லை, மாடிப்படி ஏறுவதுபோல் முழங்காலை மடக்கி மடக்கிக் குதிக்கிறார். இருவருக்குமாக 18 அங்குலத்தைப் பாருங்கள். ஸ்ட்ரைடை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள கருவிகளும் உண்டு, விலைதான் கூடும். இரண்டு மிதிகளுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால், உங்கள் மனைவிக்குக் கால் அகன்று இடுப்பு வலிக்கக் கூடும். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஏறிப் பார்ப்பதால் பயனில்லை. ஷூ அணிந்து, இருவரும் தனித்தனியே பத்து நிமிடம் மிதித்துப் பார்க்க அனுமதிக்கும் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: மாசி வீதிப் பகுதியில் பழைய வீடு. படுக்கையறையில் லாஃப்டுக்குக் கீழே மட்டும்தான் இடம் காலியாக இருக்கிறது. அங்கே வைக்கலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. பல கருவிகளில் மிதியின் உச்சம் தரையிலிருந்து ஓர் அடியைத் தாண்டும் என்பதால், வீட்டிலேயே உயரமானவரின் உயரத்தோடு 15 அங்குலம் கூட்டிக் கணக்கிட வேண்டும். ஐந்தடி பத்து அங்குலம் உள்ளவருக்கு அது ஏழடி ஓர் அங்குலம். நம் வீடுகளில் லாஃப்ட் பொதுவாக ஏழடியில்தான் இருக்கிறது, தலை இடிக்கும். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் காற்று வேண்டும் என்பது நியாயம்தான், அதற்குச் சுவர் விசிறி இருக்கிறது. குறுகிய மாடிப்படியில் பெட்டி திரும்புமா என்பதையும், பழுது பார்க்க மதுரையிலேயே ஆள் இருக்கிறாரா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மின்தடை நாளில் இது ஓடுமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: திருகு வைத்துத் தடையைக் கூட்டிக் குறைக்கும் காந்த வகை ஓடும், அதன் திரைக்குச் சாதாரண பேட்டரி போதும். பொத்தானை அழுத்தித் தடையை மாற்றும் வகைகளில் பலவற்றுக்கு மின்சாரம் வேண்டும்.

கேள்வி: பதினைந்து நிமிடத்தில் கால் விரல்கள் மரத்துப்போகின்றன. எனக்குச் சர்க்கரை உண்டு. (வாசகர், மேலூர்)

பதில்: பாதம் மிதியிலிருந்து எழாததால், முன்பாதத்தின் மீது விடாமல் அழுத்தம் விழுகிறது, சர்க்கரை இல்லாதவருக்கும் இப்படி மரத்துப்போவது உண்டு. ஷூ லேஸைத் தளர்த்துங்கள், எடையைக் குதிகால் பக்கம் கொண்டுவாருங்கள், இடையிடையே ஒரு நிமிடம் பின்னோக்கி மிதியுங்கள். இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தாலோ, மற்ற நேரங்களிலும் எரிச்சல் இருந்தாலோ, அது கருவியின் குறை அல்ல. மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு ஒருபோதும் ஏற வேண்டாம். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவராயின், தொடங்கும் முன் அளவு 90க்குக் கீழே இருந்தால் ஏதேனும் சாப்பிட்ட பிறகே ஏறுங்கள்.

கேள்வி: அரை மணியில் 400 கலோரி என்று திரை காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். எடையையும் வயதையும் கேட்காத கருவி தரும் எண் வெறும் ஊகம். பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். அதை நம்பி இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு வாங்கினால் அதுதான் மிதமான வேகம். அந்த வேகத்தில் எத்தனை நிமிடம் மிதித்தீர்கள் என்பதை மட்டும் குறித்து வையுங்கள்.