கேமரா கேள்வி-பதில்: விடிகாலைக் காசிமேடும் ரா ஃபைலும்

கேள்வி: காசிமேடு மீன் ஏலத்தை விடிவதற்கு முன்பே போய்ப் படமெடுக்கிறேன். 24 மெகாபிக்சல் நிக்கான், எல்லாம் ரா (சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்). லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்ட வசதியில்லை. வேறு எதை வாங்கலாம்? கேமரா திரையில் பளிச்சென்று இருக்கும் படம் கம்ப்யூட்டரில் ஏன் வெளிறித் தெரிகிறது?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: எதையும் வாங்க வேண்டாம். கேமரா திரையில் நீங்கள் பார்ப்பது, பிக்சர் கன்ட்ரோல் என்ற நிற அமைப்பைச் சேர்த்துக் கேமராவே தயாரித்த ஜேபெக். ரா ஃபைலுக்குள் அதுவும் இருக்கிறது. மற்ற மென்பொருள்கள் அந்த அமைப்பைக் கண்டுகொள்ளாமல் சென்சார் பதிவிலிருந்து தொடங்குவதால்தான் படம் வெளிறித் தெரிகிறது. நிக்கான் இலவசமாகத் தரும் என்எக்ஸ் ஸ்டுடியோ மென்பொருளில் திறந்து பாருங்கள், கேமரா காட்டிய நிறம் அப்படியே வரும். பகல் வெளிச்சப் படங்களுக்கு அதுவே போதும்.

ஏலப் படங்களுக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருளைப் போடுங்கள். இதுவும் இலவசம். அங்கே ஒரே ஃபிரேமில் மஞ்சள் விளக்கு, வெள்ளை எல்இடி, விடியல் வானத்தின் நீலம் என மூன்று வெளிச்சம் விழுகிறது. ஒரே ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) மூன்றுக்கும் சரிவராது.

டார்க்டேபிளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு மாட்யூல் உண்டு. முதலில் எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு. ஆட்களின் முகம் சரியாகத் தெரியும்வரை ஏற்றுங்கள், வானத்தைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அடுத்து நிறத்தைச் சரிசெய்யும் கலர் கேலிபரேஷன். அதன் பிக்கரை (நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவியை) ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடிமேல் வையுங்கள், ஆனால் வெளுத்துப்போகாத இடமாகப் பாருங்கள். சங்கரா மீனின் சிவப்பு அப்போதுதான் ஆரஞ்சிலிருந்து தன் நிறத்துக்குத் திரும்பும். வானத்துக்கு அதே கலர் கேலிபரேஷனை இரண்டாவது முறை சேர்த்து, மாஸ்க் போட்டு (வானத்தின் பகுதியை மட்டும் பிரித்து) தனியாகத் திருத்துங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: பழைய ஒயிட் பேலன்ஸ் மாட்யூலையும் கூடவே நகர்த்திவிடுவார்கள். திருத்தம் இரண்டு முறை விழுந்து நிறம் கோணலாகும். அது 'கேமரா ரெஃபரன்ஸ்' நிலையிலேயே இருக்கட்டும்.

பிறகு சிக்மாய்ட் மாட்யூலில் கான்ட்ராஸ்ட். புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்கும் டீநாய்ஸ் உங்கள் லேப்டாப்பை இழுத்துப் பிடிக்கும், அதனால் கடைசியில் போடுங்கள். எப்போது போட்டாலும் உள்ளே கணக்கு நடக்கும் வரிசை ஒன்றுதான், படத்தில் வித்தியாசம் வராது.

எந்த மென்பொருளாலும் மீட்க முடியாத ஒன்று உண்டு. வவ்வால் மீனின் வயிற்றில் விளக்கு நேராக அடித்து சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனலும் நிரம்பிவிட்டால் அந்தச் செதில் போனதுதான். 14 பிட் ராவில் ஒரு சேனலுக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256. நிழலைத் தூக்க அவ்வளவு இடம் இருப்பதால், விளக்கடியில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைத்தே எடுங்கள். கேமராவின் ஹிஸ்டோகிராமும் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) கேமரா தயாரிக்கும் அந்த ஜேபெக்கிலிருந்துதான் வருகிறது. பிக்சர் கன்ட்ரோலை ஃபிளாட்டில் வைத்தால் உண்மைக்குக் கொஞ்சம் நெருக்கமாகக் காட்டும்.

ஒரு படத்தை இரண்டு மென்பொருளிலும் திருத்தாதீர்கள். ஒன்றில் செய்தது மற்றதற்குப் புரியாது.

கேள்வி: படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்குக்கு மாற்றினேன். டார்க்டேபிளில் படத்துக்குப் பதில் மண்டையோடு தெரிகிறது. எல்லாம் அழிந்துவிட்டதா?
வாசகர், ராயபுரம்

பதில்: அழியவில்லை. பழைய இடத்தில் ஃபைல் இல்லை என்பதற்கான அடையாளம் அது. இடப்பக்கக் கலெக்‌ஷன்ஸ் பட்டியலில் அந்த ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்து, 'சர்ச் ஃபிலிம்ரோல்' மூலம் புதிய இடத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு ராவுக்கும் பக்கத்தில் அதே பெயரில் சின்ன எக்ஸ்எம்பி ஃபைல் இருக்கும். உங்கள் திருத்தம் முழுவதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. தேவையில்லாத குப்பை என்று அதை மட்டும் நீக்கிவிடாதீர்கள். காப்பி எடுக்கும்போது இரண்டும் சேர்ந்தே போகட்டும். இரண்டையும் இன்னொரு டிஸ்கிலும் வைத்துச் சரிபார்த்த பிறகே மெமரி கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி: 12-க்கு 18 அங்குலப் பிரிண்ட் கருத்துப்போய் வருகிறது. 24 மெகாபிக்சல் போதவில்லையா?
வாசகர், எண்ணூர்

பதில்: தாராளமாகப் போதும். 6000 பிக்சலை 18 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 333 வருகிறது. பெரும்பாலும் குற்றவாளி லேப்டாப் திரையின் வெளிச்சம். இரவில் அதை முழுவதும் ஏற்றி வைத்துத் திருத்தினால் இருண்ட படமும் வெளிச்சமாகத் தோன்றும். திரைக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெண்மையாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். எஸ்ஆர்ஜிபி நிற முறை, ஜேபெக் தரம் 95 என ஏற்றுமதி செய்து, முதலில் 4-க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அதுவும் கருப்படித்தால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் ஏற்றிப் பெரியதைக் கொடுங்கள்.