இழுத்துப் போடலாம், எடுத்துக்கொண்டு போகலாமா?

கேள்வி: வீட்டில் முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறேன். தீபாவளி சமயத்தில் வாட்ஸ்அப் ஆர்டர்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுவதால் ஒரு வெப்சைட் வைக்க நினைத்தேன். கோடிங் தெரிய வேண்டாம், படம், எழுத்து, பட்டன் என்று பிளாக்குகளை மவுஸால் இழுத்துப் போட்டால் போதும் என்று ஒருவர் மாதம் 450 ரேண்டுக்கு 24 மாத ஒப்பந்தம் கேட்கிறார். போட்டுப் பார்த்தேன். லேப்டாப்பில் அழகாக இருந்தது. மகளின் போனில் பார்த்தால் விலைப்பட்டியல் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: 24 மாதத்துக்கு 10,800 ரேண்ட் ஆகிறது. எத்தனை கிலோ முறுக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அக்கா.

முதலில் போன் விஷயம். இப்படி இழுத்துப் போட்டு வெப்சைட் கட்டும் கருவிகளைப் பில்டர் என்பார்கள், அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பிளாக்கைப் பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் திரை சுருங்கும்போது ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். போன் தோற்றத்தைத் தனியாகத் திறந்து சரிசெய்ய வேண்டும். இன்னொன்றில் பிளாக்குகள் வரிசைக்குள்ளும் நெடுவரிசைக்குள்ளும்தான் உட்காரும். லேப்டாப்பில் பக்கம் பக்கமாக இருக்கும் மூன்று படங்கள் போனில் தாமாகவே கீழ்க்கீழாக இறங்கிக்கொள்ளும். உங்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஆர்டர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் போனில்தானே பார்க்கப்போகிறார்கள்? படங்களையும் சுருக்கிப் போடுங்கள். டேட்டா விலை அதிகம் என்று 2019-ல் தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையமே அறிக்கை கொடுத்த நாடு இது.

நூற்றுக்கணக்கான டெம்ப்ளேட் (தயாராக உள்ள பக்க வடிவமைப்பு) இருக்கிறது என்பார்கள். உங்களுக்கு வேண்டியது படம், விலை, வாட்ஸ்அப் பட்டன், டெலிவரி இடங்கள். அவ்வளவுதான்.

நான் உண்மையில் கவலைப்படுவது, நாளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் எதை எடுத்துக்கொண்டு போவீர்கள் என்பதைப் பற்றி. விக்ஸ் போன்ற ஆன்லைன் பில்டர் சேவைகளில் கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில், 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து, பிளாக்குகளை வைத்துப் பக்கம் கட்டும் பிளாக் எடிட்டர் உள்ளேயே இருக்கிறது. மென்பொருள் இலவசம், ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைக்கும் இடம்) டொமைனுக்கும்தான் (தளத்தின் இணைய முகவரி) செலவு, வேறு ஹோஸ்டிங்குக்கும் மாறலாம். ஆனால் அதன் மேல் தனியாக ஒரு பில்டர் பிளக்இன் (கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) போட்டுத் தருபவர்களிடம் உஷாராக இருங்கள். சிலவற்றை அணைத்ததும் பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிக்குள் புரியாத குறியீடுகளாக நிற்கும். விற்பவரை உங்கள் முன்னாலேயே அதை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் விஷயம் புரிந்துவிடும். டொமைன் யார் பெயரில் பதிவாகிறது என்பதையும் கேளுங்கள். அவர் பெயரில் என்றால் கடைப் பலகையே அவருடையது.

ஒப்பந்தத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-ன் 68-வது சட்டம்), பிரிவு 14-ன்படி, நீங்கள் தனிநபராகக் கையெழுத்திட்டால் 20 வேலை நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்து இடையிலேயே விலகலாம். நியாயமான ஒரு ரத்துக் கட்டணம் அவர் கேட்கலாம், மீதி மாதங்களுக்கான மொத்தப் பணத்தையும் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம். நிறுவனம் பதிவு செய்து அதன் பெயரில் கையெழுத்திட்டால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. என் யோசனை கேட்டால், மாதா மாதம் கட்டும் திட்டமாகக் கேளுங்கள்.

கேள்வி: கோயில் காவடி அறிவிப்பைப் பில்டரில் போட்டால் ஒரு பிளாக்கில் கட்டம் கட்டமாகவும், இன்னொன்றில் பொருளற்ற ஆங்கில எழுத்தாகவும் வருகிறது. பணம் கட்டிய திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: ஆகாது, பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கட்டம் வந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். கூகுள் எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன் (Catamaran), ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம். ஆங்கில எழுத்தாக வருவது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அதை யூனிகோடாக (எல்லாக் கருவியிலும் தமிழாகவே படிக்கக்கூடிய பொது எழுத்து முறை) மாற்றி ஒட்டுங்கள், மாற்றும் கருவிகளும் இலவசம்தான்.